ஏழெட்டு நாள் தூரம்

கோடாலித் தைலத்தின் நெடி மூடிய இடத்தில் யாருடைய அனுமதிக்கும் காத்திருப்பதில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் இரவு விமானத்தில், சாப்பாட்டுத் தட்டுகளை வாங்கிக்கொண்டு விளக்குகளையும் அணைத்துவிட்ட நேரம், முன்வரிசையில் யாரோ ஒரு அம்மாள் அந்தச் சின்னச் சீசாவைத் திறந்து நெற்றிப்பொட்டில் தடவிக்கொண்டிருக்க வேண்டும், புதினாவும் கற்பூரமும் கலந்த அந்தக் காரம் இருக்கைகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து என் கண்ணை லேசாக எரியவைத்தது, எதிரே இருந்த திரையில் நீல வங்கக் கடலின் மேல் ஒரு வெள்ளை விமானம் நகர்ந்துகொண்டிருந்தது, இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலு மணிக்குச் சற்று மேலே, உயரம் 37,000 அடி, வெளியே மைனஸ் நாற்பது டிகிரிக்கும் கீழே குளிர் என்று அது மாற்றி மாற்றிக் காட்டியது. அத்தனை எண்களையும் வாசித்து முடித்த பிறகும் தூரமாகப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும் வரவில்லை.

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று எனக்கு முதலில் சொன்னவர் தாத்தா, அவரும் இதே தைலத்தின் நெடியோடுதான் சொன்னார். நாகூருக்கு மேற்கே, வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊர், தாத்தா அப்போது சிங்கப்பூரை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டிருந்தார், சாயங்காலம் வெயில் வயல் தாண்டி வந்து திண்ணைத் தூணின் அடிப்பாகத்தில் மட்டும் மஞ்சளாகப் படியும் நேரத்தில் அவருக்குப் பால் விடாத காப்பி வரும், டம்ளரிலிருந்து ஒரு பீங்கான் சாசரில் ஊற்றி, ஊதி, சாசரைத் தூக்கி உறிஞ்சிக் குடிப்பார், அது அந்த ஊர்ச் சீனன் காப்பிக்கடையில் கற்றுக்கொண்ட பழக்கம் என்று அப்பாயி முகத்தைச் சுளிப்பாள். காப்பி முடிந்ததும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து தைலச் சீசா வெளியே வரும். சீசாவின் லேபிளில் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று போட்டிருப்பார், மாதம் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே தைலம் இறங்கிவிட்டால் மாதம் முடியும்வரை தலைவலி வரக்கூடாது, ஏனென்றால் அடுத்த சீசா யாராவது அக்கரையிலிருந்து வந்தால்தான் வரும், யார் எப்போது வருவார் என்பது கப்பலுக்குத்தான் தெரியும். "எவ்வளவு தூரம் தாத்தா?" என்று கேட்டால் மைல் கணக்கு அவர் வாயில் வந்ததே இல்லை. "ஏழெட்டு நாள்டா" என்பார், அத்தோடு விஷயம் முடிந்தது.

அந்த ஏழெட்டு நாளுக்கு ஒரு பெயர் இருந்தது, ராஜுலா. 1926ல் கிளாஸ்கோவில் கட்டி, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி ஓட்டிய அந்த எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பல், சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் நின்று, கடலைக் கடந்து பினாங்கில் ஆள் இறக்கி, சிங்கப்பூர் போய்ச் சேரும், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது, தளப் பயணி என்றால் அறையோ கட்டிலோ கிடையாது, பாய் விரித்த இடம் அவன் இடம், டிரங்குப் பெட்டி அவன் சுவர். அதன் வேகம், காற்றை எதிர்த்து வேகமாக சைக்கிள் மிதிப்பவன் ஒருவனுடைய வேகத்தைவிடப் பெரிதாக அதிகமில்லை, ஆனால் அந்தச் சைக்கிள் இரவும் பகலும் நிற்காது. தாத்தா முதல்முறை போனபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் கிராணி வேலை, கையெழுத்து நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்தது என்று சொல்வார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது, தூரத்தில் நங்கூரம் போட்டுக் கறுப்புக் கோடாக நிற்கும், ஆட்களும் மூட்டைகளும் படகில்தான் போய் ஏற வேண்டும். அம்மை குத்திய சீட்டைக் காட்டி, சுங்கக்காரர் பெட்டியைக் கிளறியதைப் பொறுத்து, படகில் இறங்கும்போதே பாதிப் பேருக்கு வாந்தி வந்துவிடும், ஏணியில் ஏறிக் கப்பலுக்குள் கால் வைத்ததும் முதலில் வருவது வெங்காய வாசனை என்றார், மூட்டை மூட்டையாக வெங்காயம் அக்கரைக்குப் போகும், அது வெயிலில் வெதும்பி, தாரும் உப்பும் மனித வியர்வையும் அதோடு சேர்ந்து, இரண்டாம் நாள் மூக்கு அதற்குப் பழகிவிடும், மூன்றாம் நாள் அதுவே பசியைக் கிளப்பும். நான் சிறுவனாக நாகை துறைமுகத்துக்குப் போனபோதும் அந்த வாசனையின் மிச்சம் சுங்கக் கட்டடத்துத் தூண்களுக்குப் பின்னால் இருந்தது, கருவாடும் ஈரச் சணலும் கலந்து, அப்பா என்னைத் தோளில் தூக்கிக் கடலுக்குள் கை காட்டி அதோ ராஜுலா என்றார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் தெரிகிறது என்று சொல்லிவைத்தேன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் பார்க்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்.

கப்பலில் தாத்தாவுக்குப் பிடித்தது கடிகாரம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ராத்திரி வந்து பெரிய கடிகாரத்தின் முள்ளை முன்னால் தள்ளிவைப்பார், இருபது நிமிஷம், அரை மணி என்று ராத்திரி ராத்திரி தள்ளித் தள்ளி, சிங்கப்பூர் போவதற்குள் இரண்டு மணி நேரம் கூடிவிடும், இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததால் உடம்புக்கு ஒன்றும் தெரியாது. நிக்கோபார் மலை காலையில் கறுப்பாகத் தெரியும், அதைத் தாண்டிச் சுமத்ராவின் முனை, பிறகு கடல் குளம் ஆகிவிடும், பினாங்கை நெருங்கும்போது கெடா மலை முதலில் தலையை நீட்டும், 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அந்த ஜெராய் மலையைப் பார்த்துத்தான் ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மாலுமிகளும் கரையைக் கண்டுகொண்டார்கள், 1025ல் ராஜேந்திர சோழனின் படை கடாரம் போனபோதும் அந்த மலை அங்கேதான் இருந்தது. தாத்தாவுக்கு ராஜேந்திரனைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் இல்லை. "அவன் போனான், வந்துட்டான், நான் முப்பது வருஷம் இருந்தேன்ல" என்பார்.

தாத்தாவின் அந்த இரண்டு மணி நேரத்தை அப்பாயி ஒரு பூசைப் பொருளாக வைத்திருந்தாள். அவள் கடல் தாண்டியவள் இல்லை, நாகை துறைமுகத்துக்குக்கூட வழியனுப்பப் போனதில்லை, வாசற்படியோடு சரி, ஆனால் ராத்திரி பத்து மணிக்குப் பாயை உதறிப் போடும்போது "அங்க பன்னெண்டு, தூங்கியிருப்பாரு" என்று யாருக்கும் இல்லாமல் சொல்வாள், காலையில் அடுப்பை மூட்டும்போது அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம். பிறகு 1982 ஜனவரி முதல் தேதி மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ள, சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது, அப்போது தாத்தா இல்லை, சித்தப்பா அங்கே இருந்தார், இரண்டு மணி என்பது இரண்டரை ஆகிவிட்டது என்று கடிதம் எழுதியிருந்தார். அப்பாயி அதை ஏற்கவில்லை. "அந்த அரை மணிய யாரு குடுத்தா, எங்கேருந்து எடுத்தா?" என்று கேட்டாள், பதில் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை, கடைசிவரை அவள் கணக்கில் சிங்கப்பூர் இரண்டு மணி நேரம்தான் முந்தியிருந்தது, சித்தப்பா அரை மணி தாமதமாகத் தூங்கினார்.

அந்தத் தூரம் நாளாலும் அளக்க முடியாமல் போன காலம் ஒன்றும் இருந்தது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது, ஊருக்குச் சியோனான் என்று பெயர் மாறியது, கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னார்கள், கப்பல் நின்றது, கடிதம் நின்றது, பணம் நின்றது, ராஜுலா படையினரை ஏற்றிக்கொண்டு வேறு கடல்களில் அலைந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வரும்வரை மூன்றரை வருஷத்துக்கு மேல் தாத்தா உயிரோடு இருக்கிறாரா என்பது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிழைத்ததை அவர் சொல்வார், சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றிப் போன தமிழர்களில் தெரிந்தவர்கள் இருந்ததைச் சொல்வார், அதற்கு மேல் கேட்டால் சீசாவைத் திறந்து நெற்றியில் தடவிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார், தைலம் எரிவதாகத்தான் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாயி அந்த மூன்றரை வருஷமும் தாலியைக் கழற்றவில்லை, பூ வைக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றாள், எந்தப் பக்கம் என்று கேட்க அண்டை அயலுக்கும் துணிச்சல் வரவில்லை.

போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் பழைய ஒழுங்கு திரும்பியது, மூன்று வருஷம் அங்கே, ஐந்தாறு மாதம் இங்கே. எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயதைக் கேட்டாலே கப்பல் அட்டவணை தெரிந்துவிடும், அப்பாவுக்கும் அத்தைக்கும் மூன்று வயது வித்தியாசம், அத்தைக்கும் பெரிய சித்தப்பாவுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அது ஜப்பான்காரன் போட்ட ஓட்டை, அதற்குப் பிறகு மறுபடி மூன்று மூன்று வயதாக இரண்டு பேர். தெருவில் அக்கரைக்குப் போய்வந்த எல்லாச் சபுராளி வீட்டிலும் ஏறத்தாழ இதே கணக்குத்தான், பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்க்கும்போது வாத்தியாருக்குப் பிறந்த தேதி தெரியாவிட்டால், எந்த லீவில் பிறந்தவன் என்று கேட்டால் போதும். ஆனால் அந்த ஐந்தாறு மாதம் முழுசாக ஐந்தாறு மாதம், அதில் ஒரு அறுவடை, ஒரு கல்யாணம், ஒரு கந்தூரி, ஒரு வரப்புத் தகராறு, வீட்டுக்கு ஒரு தளம் போடுதல் எல்லாம் அடங்கும், தாத்தா வந்த முதல் வாரம் விருந்தாளி, இரண்டாவது மாதத்திலிருந்து அவரும் அந்த வீட்டில் திட்டு வாங்கும் ஒரு ஆள்.

இதற்கு முந்திய காலத்தில் போன இடத்தில் தங்கும் நேரம் இன்னும் கூடுதலாக இருந்திருக்கிறது. நீராவிக்கு முன்னால் பாய்க்கப்பல் ஓட்டிய நாகூர், நாகை மரைக்காயர்கள் தென்மேற்குக் காற்றைப் பிடித்துக் கிழக்கே போய்விட்டால், வடகிழக்குக் காற்று எழும் மார்கழி, தை வரைக்கும் திரும்ப முடியாது, எத்தனை நாள் தங்குவது என்பதைக் காற்றுதான் முடிவுசெய்தது, தங்கியவர்கள் அங்கே பள்ளிவாசல் கட்டினார்கள், கடை வைத்தார்கள், குடும்பமும் வைத்தார்கள், நாகூர் ஆண்டவரின் தர்கா ஒன்றைப் பினாங்கின் சூலியா தெருவிலும் இன்னொன்றைச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலும் எழுப்பினார்கள், சிங்கப்பூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது, வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டிய இடம் என்பதால் அதைக் கடலோரமாகவே கட்டினார்கள்.

ராஜுலா 1973ல் இந்தியக் கம்பெனிக்குக் கைமாறி, பெயரும் மாறி, கொஞ்ச நாளில் உடைப்புக்குப் போனது. அதன் இடத்துக்குச் சிதம்பரம் வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் 1966ல் ஓடவிட்ட பெரிய கப்பல், சின்னச் சித்தப்பா அதில்தான் போனார், சாப்பாடு நன்றாக இருந்ததாகவும் இரவில் மேல்தளத்தில் சினிமா போட்டதாகவும் எழுதினார், தாத்தா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வெங்காயத்தைப் பற்றி ஒன்றும் எழுதலையா என்றார். 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலில் தீப்பிடித்தது, பலர் இறந்தார்கள், அதோடு அந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் என்பதே முடிந்துபோனது. விமானம் 1954லிருந்தே போய்க்கொண்டுதான் இருந்தது, ஏர் இந்தியா அப்போதே சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கிவிட்டது, ஆனால் அது சேட்டுகளுக்கும் டாக்டர்களுக்கும் உள்ளது என்று ஊரில் நினைத்திருந்தோம், கப்பல் நின்றபிறகு வேறு வழியில்லாமல் எல்லோரும் சேட்டுகள் ஆனார்கள்.

மீனம்பாக்கம் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகம். ஒருவர் பறக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் ஊரிலிருந்து கிளம்புவோம், புளியோதரைத் தூக்கு, கசங்கிய மல்லிகை, கைக்குழந்தையின் பால் வாடை, வாந்திக்கு எலுமிச்சம்பழம், ராத்திரி முழுக்க வந்து விடியலில் இறங்கினால், விமானநிலையத்துக் காற்றில் மண்ணெண்ணெய் போல ஒன்று மிதக்கும், டிக்கெட் வாங்கிக்கொண்டு மாடத்தில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றால் தூரத்தில் படிக்கட்டில் ஏறும் சட்டைகளில் எது சித்தப்பா சட்டை என்று ஒரு பந்தயமே நடக்கும், அத்தை கடைசி ஆள் ஏறும்வரை எல்லோருக்கும் கையாட்டினாள், நாலில் ஒருவர் அவர்தானே, ஆட்டிவைப்போம் என்றாள். விமானம் கிளம்பி, வேன் திரும்பி, நாங்கள் விழுப்புரம் தாண்டும்போது சித்தப்பா சிங்கப்பூரில் இறங்கிவிட்டார் என்று அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார், வேனில் சற்று நேரம் யாரும் பேசவில்லை, வழியனுப்பியவர்கள் வீடு போய்ச் சேருமுன் போனவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதில் எங்கேயோ ஒரு மரியாதைக் குறைவு இருந்த மாதிரி எல்லோருக்கும் பட்டது.

மேலே போனால் காற்று கிடையாது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். ஆடி மாதத்தில் கடல் மட்டத்தில் தென்மேற்குக் காற்று அடித்துப் பாய்க்கப்பலைக் கிழக்கே தள்ளுமே, அதே மாதத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே, ஒரு பெருங்காற்று ஓடுகிறது, இந்திய வானிலைத் துறையின் பி. கோடேஸ்வரம் 1958ல் அதைப்பற்றி எழுதிய கட்டுரைதான் உலகத்துக்கு அதை விளக்கமாகச் சொன்னது. அதன் உச்ச வேகம் பதினாலு பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், ஆனாலும் விமானங்கள் பறக்கும் உயரம்வரை அதன் கை நீளும், ஆகையால் ஆடியில் சிங்கப்பூர் போகும்போது சில நிமிடங்கள் கூடும், திரும்பும்போது குறையும். தாத்தாவின் தாத்தாக்களைக் கொண்டுபோன காற்று கீழே ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, நாம் அதன் தலைக்குமேலே எதிர்க்காற்றில் போகிறோம், திரையில் இருக்கும் வெள்ளை விமானம் இதையெல்லாம் சொல்வதில்லை, வேகம் 860, வேகம் 845 என்று மட்டும் காட்டும்.

கடல் ஒரே ஒரு தடவை விமான வேகத்தில் எங்கள் பக்கம் வந்தது. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவின் முனைக்கு அருகே, தாத்தாவின் கப்பல் ஒதுங்கிப் போன அந்த முனைக்கு அருகே, நிலம் ஆடியது, ஆழ்கடலில் சுனாமி அலை மணிக்கு எழுநூறு எண்ணூறு கிலோமீட்டர் போகும், ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அது நாகப்பட்டினத்தில் இருந்தது, மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ராஜுலா நாட்கணக்கில் எடுத்துக்கொண்ட வழி அது. அதற்குப் பிறகு துறைமுகத்துப் பக்கம் போனால் பழைய வாசனை எதுவும் இல்லை, சேற்றின் மேல் தெளித்த பிளீச்சிங் பவுடரின் நெடி பல மாதம் நின்றது, அந்தச் சுங்கக் கட்டடத்துத் தூண்களை எங்கே தேடுவது என்றுகூடத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இறங்கிய அன்று தெலுக் ஆயர் தெருவுக்குப் போயிருந்தேன், தர்கா இருக்கிறது, இப்போது அதைப் பாரம்பரிய மையமாக வைத்திருக்கிறார்கள், அடுக்கடுக்கான மினாராக்கள் சுத்தமாக வெள்ளை அடித்து நிற்கின்றன, கடல்தான் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கரையைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள், இன்று அலையோசைக்குப் பதில் குளிர்சாதனப் பெட்டிகளின் உறுமல், கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கோபுரக் கட்டடங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும், போனாலும் அங்கே இருப்பது அணை கட்டி நன்னீராக்கிய மெரினா நீர்த்தேக்கம். தாத்தா ஏறி இறங்கிய கிளிஃபோர்டு துறை இப்போது சாப்பாட்டு இடம், கிராணியாக அவர் சாக்கு எண்ணிய கிட்டங்கி இருந்த பக்கம் பெட்டிப் பெட்டியாகக் கொள்கலன்கள், அதையும் ஊருக்கு மேற்கே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். எதிலும் வாசனை இல்லை, வெங்காயம் போகிறதா துணி போகிறதா என்று மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

சித்தப்பா மகன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "பக்கந்தானேண்ணே, நாலு மணி நேரம், இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்ல" என்று அவன் கேட்டான், நான் திரும்பும் டிக்கெட்டின் தேதியைச் சொன்னேன், அதை மாற்ற டிக்கெட் விலையில் பாதி கேட்பார்கள் என்று இருவருக்கும் தெரியும், அவனும் வற்புறுத்தவில்லை, அவனுக்கும் திங்கட்கிழமை வேலை. அப்பாயி இறந்தபோது இவனுடைய அப்பா வந்ததை நான் நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் செய்தி போயிற்று, ராத்திரி விமானத்தைப் பிடித்தார், சென்னையிலிருந்து எங்கள் ஊர் முந்நூறு கிலோமீட்டர், விமானத்தில் உட்கார்ந்திருந்ததைவிடக் கூடுதல் நேரம் காரில் உட்கார்ந்து, மறுநாள் மத்தியானம் வந்து இறங்கினார், முகத்தைப் பார்த்தார், கொள்ளி வைத்தார், மூன்றாம் நாள் பாலுக்கு இருந்தார், அன்று ராத்திரியே கிளம்பினார், கம்பெனி கொடுத்தது மூன்று நாள். கருமாதிக்கு அவர் இல்லை, வீடியோவில் பார்த்தார்.

தாத்தாவின் அம்மா இறந்தபோது கதை வேறு. தந்திக்கு ஆள் இல்லை, கடிதம் எழுதி, அது கப்பலேறிப் போய்ச் சேர்ந்தபோது இங்கே கருமாதியே முடிந்துவிட்டது, அங்கே தஞ்சோங் பகாரில் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். அடுத்த லீவில் வந்தபோது, செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவர் அந்த ஆறு மாதமும் அம்மா படுத்திருந்த கொல்லைத் தாழ்வாரத்தில்தான் படுத்தார், அவள் வைத்த முருங்கைக்குப் பாத்தி கட்டினார், அவள் யாருக்கெல்லாம் கடன் கொடுத்திருந்தாள், யாரிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்தார். சித்தப்பாவின் துக்கம் குறைந்தது, தாத்தாவின் துக்கம் பெரிது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, முகத்தைப் பார்க்கக் கிடைத்தது சித்தப்பாவுக்குத்தான், தாத்தாவைக் கேட்டிருந்தால் ஆறு மாதத்தையும் கொடுத்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிக்கொண்டிருப்பார். நான் சொல்ல வருவது அவர்களைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள் காற்று திரும்பும்வரை தங்கினார்கள், கப்பலில் ஒரு வாரம் போனவர்கள் ஐந்தாறு மாதம் தங்கினார்கள், நாலு மணி நேரத்தில் போகிறவர்கள் மூன்று நாள் தங்குகிறோம். போகும் நேரம் குறையக் குறையத் தங்கும் நேரமும் கூடவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது, வழியில் மிச்சம் பிடித்த நாட்களை யாரும் உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய்ச் செலவழிக்கவில்லை, வேலை பார்க்கும் இடங்கள் அவற்றை எடுத்துக்கொண்டன, சீக்கிரம் போகலாம் என்பதாலேயே சீக்கிரம் திரும்பு என்று சொல்ல அவர்களால் முடிகிறது. விமானம் தூரத்தைக் குறைத்தது என்கிறோம், சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அன்றைக்கு எத்தனை கிலோமீட்டரோ இன்றைக்கும் அத்தனைதான், விமானம் குறைத்தது லீவை.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து மறுபடி ஒரு பயணிகள் கப்பல் புறப்பட்டது, சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ இல்லை, காங்கேசன்துறைக்கு, விட்டு விட்டு ஓடுகிறது. நூற்றுப்பத்து கிலோமீட்டர், ஏறத்தாழ நாலு மணி நேரம், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் எடுத்துக்கொள்ளும் அதே நாலு மணி நேரம்.